கவுன்சிலுக்கு எதிரான முறைப்பாடு ஒம்புட்ஸ்மனிடம் போகும்போது: ஒரு வீட்டுப் பராமரிப்பு பில்லின் கதை

இங்கிலாந்தில் இருபது முப்பது ஆண்டுகளாக வாழும் நம்மவர்கள்கூட, கவுன்சிலின் மீது மனக்குறை ஏற்பட்டால் அதை உறவினரிடமும் கோயிலில் சந்திக்கும் நண்பரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்வதோடு நின்றுவிடுகிறார்கள். அதை எழுத்தில் வைத்து, கவுன்சிலைச் சாராத ஒருவர் விசாரிக்கும் இடம்வரை கொண்டுசெல்ல வழி உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் தாயாரின் வீட்டுப் பராமரிப்புக்காக எங்கள் கவுன்சில் அனுப்பிய பில்கள் தொடர்பாக நான் அந்த வழியில் முடிவுவரை சென்றேன். என் கோரிக்கைகளில் சில ஏற்கப்பட்டன, ஒன்று நிராகரிக்கப்பட்டது. எது ஏன் ஏற்கப்பட்டது, எது ஏன் ஏற்கப்படவில்லை என்பதே மற்றவர்களுக்குப் பயன்படும் என்று கருதுவதால் அதையே விரிவாக எழுதுகிறேன்.

முதலில், விசாரிப்பவர் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளாட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன், அதாவது மக்களின் குறைகேள் அதிகாரி, என்ற இந்த அமைப்பு 1974ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டத்தால் உருவாக்கப்பட்டது. 1988 வரை ஒரு கவுன்சிலர் மூலமாகத்தான் அதற்கு முறைப்பாடு அனுப்ப முடிந்தது. அதன்பின் எவரும் நேரடியாக அனுப்பலாம் என்றாயிற்று. 2017இல் பெயரோடு சமூகப் பராமரிப்பும் சேர்ந்துகொண்டது. கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. மாவட்ட, கவுன்ரி, இலண்டன் பரோ கவுன்சில்கள் அனைத்தும் அதன் எல்லைக்குள் வரும். பரிஷ் கவுன்சில்கள் வரமாட்டா. கவுன்சில் வீட்டில் வாடகைக்கு இருப்பவர் திருத்தவேலை, ஈரக்கசிவு போன்றவற்றுக்குப் போகவேண்டிய இடம் வீட்டுவசதி ஒம்புட்ஸ்மன் என்ற வேறோர் அமைப்பு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றுக்குத் தனித்தனி அமைப்புகள் இருக்கின்றன.

இனி எங்கள் விடயத்துக்கு வருகிறேன். அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்குப் பின் வீடு திரும்பியபோது, நாளுக்கு நான்கு முறை, ஒவ்வொரு முறையும் அரை மணிநேரம், ஒரு பராமரிப்பு நிறுவனத்தின் ஊழியர்கள் வந்து உதவுவார்கள் என்று கவுன்சில் ஏற்பாடு செய்தது. மருத்துவமனையிலிருந்து வந்தவர் மீண்டும் எழுந்து நடமாடுவதற்காகத் தரப்படும் இத்தகைய பராமரிப்புக்கு ஆறு வாரம் வரை கட்டணம் அறவிடக் கூடாது என்பது விதி. அந்த ஆறு வாரம் எப்போது முடிந்தது, அதற்குப் பிந்திய வருகைகளுக்குக் கட்டணம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு என்று எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அதே ஊழியர்கள் அதே நேரத்தில் தொடர்ந்து வந்துகொண்டிருந்தார்கள். பல மாதங்கள் கழிந்தபின், அதுவரையான முழுக் காலத்துக்கும் சேர்த்து ஒரே பில்லாக வந்தது. அப்பா விட்டுச்சென்ற சேமிப்பு அம்மாவின் பெயரில் 23,250 பவுணுக்கு மேல் இருந்தது. அந்த எல்லையைத் தாண்டினால் பராமரிப்பின் முழுச் செலவையும் நாமே ஏற்கவேண்டும். 14,250க்கும் 23,250க்கும் இடையில் இருந்தால் சேமிப்பின் ஒரு பகுதி வருமானமாகக் கணக்கிடப்படும். 14,250க்குக் கீழே இருந்தால் சேமிப்பைத் தொடமாட்டார்கள், வருமானத்தை மட்டும் பார்ப்பார்கள். முழுச் செலவும் நமது தலையில் விழும் என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் பகல் நேர வருகைகள் இரண்டை நாங்களே பார்த்துக்கொண்டிருப்போம். இந்த ஒரு வாக்கியம் பின்னால் மிக முக்கியமாயிற்று.

பில்லில் இன்னொரு சிக்கலும் இருந்தது. ஒவ்வொரு வருகையும் முப்பது நிமிடம் என்று போட்டிருந்தார்கள். வந்தவர்கள் அவ்வளவு நேரம் நிற்கவில்லை என்பது வீட்டிலிருந்த எங்களுக்குத் தெரியும். ஆனால் சமையலறைத் தட்டில் வைத்திருந்த பராமரிப்புப் பதிவேட்டில் கையால் எழுதப்பட்டிருந்த நேரங்களைப் பார்த்தால் 7.40 முதல் 8.10 வரை, 12.30 முதல் 1.00 வரை என்று எல்லாமே அச்சடித்ததுபோல் அரை மணியாக இருந்தன. நான் கண்ணால் கண்டதைச் சொன்னால் என் சொல்லுக்கு எதிராக அந்தப் பதிவேடு நிற்கும். அதனால் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அம்மாவின் கையொப்பத்தோடு, அவரைப் பற்றிக் கவுன்சிலும் பராமரிப்பு நிறுவனமும் வைத்திருக்கும் பதிவுகள் அனைத்தையும் கேட்டேன். இதற்குக் கட்டணம் கிடையாது. ஒரு மாதத்துக்குள் தரவேண்டும், சிக்கலான கோரிக்கையானால் மேலும் இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளலாம். வந்த தாள்களுக்கிடையில் ஊழியர்கள் வரும்போதும் போகும்போதும் கைபேசியில் பதிந்த நேரங்களின் பட்டியல் இருந்தது. பதிவேட்டில் 7.40 முதல் 8.10 வரை என்றிருந்த ஒரு காலைக்கு, கைபேசிப் பதிவு 7.52 முதல் 8.03 வரை என்று காட்டியது. பதினொரு நிமிடத்தில் ஒரு முதியவரை எழுப்பி, கழுவி, உடை மாற்றி, மருந்து கொடுத்து, காலையுணவும் கொடுத்துவிட முடியாது. கஞ்சி மேசையிலேயே ஆறிப்போய்க் கிடந்ததற்கு அந்த வரியே காரணம் சொன்னது.

இதை நான் மேசையில் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னது இதுதான்: “தம்பி, அந்தப் பிள்ளை பாவம். அவளின்ர வேலைக்கு உலை வைச்சுப் போடாதை.” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்ட பணி அட்டவணையில் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமே இருக்கவில்லை. ஆகவே முறைப்பாட்டில் எந்த ஊழியரின் பெயரையும் நான் எழுதவில்லை. அட்டவணையைத் தீர்மானிப்பது நிறுவனம், அந்த நிறுவனத்தைக் கண்காணிக்கவேண்டியது கவுன்சில் என்றே எழுதினேன். விசாரணை என்ற கோணத்திலும் அதுவே சரியான முகவரி. ஒரு சேவையைக் கவுன்சில் வெளி நிறுவனத்திடம் ஒப்படைத்தாலும் அதற்கான பொறுப்பு கவுன்சிலிடமே இருக்கும் என்ற அடிப்படையில்தான் ஒம்புட்ஸ்மன் விசாரிக்கிறார். “இது நிறுவனத்தின் விடயம், அவர்களிடம் கேளுங்கள்” என்று கவுன்சில் அதிகாரி சொன்னால் அத்தோடு நின்றுவிட வேண்டியதில்லை.

இங்கே நம்மவர்கள் வழக்கமாகச் செல்லும் ஒரு திசையைப் பற்றியும் சொல்லவேண்டும். பராமரிப்பு நிறுவனங்களைப் பதிவுசெய்து மேற்பார்வை செய்யும் பராமரிப்புத் தர ஆணையத்துக்கு எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருப்பவர்கள் பலர். அந்த ஆணையம் தகவலைப் பெற்றுக்கொள்ளும், தனது பரிசோதனைகளுக்குப் பயன்படுத்தும்; ஆனால் தனிநபர் முறைப்பாட்டை விசாரித்துத் தீர்வு தருவது அதன் பணியில் சேர்ந்ததன்று. பாராளுமன்ற உறுப்பினரும் கவுன்சிலரும் கடிதம் எழுதித் தரலாம். அக்கடிதம் வேகத்தைக் கூட்டக்கூடும். முறைப்பாட்டு நடைமுறைக்கு அது ஈடாகாது.

முறைப்பாடு எழுதுவதில் நமக்கென்று ஒரு பழக்கம் இருக்கிறது. பிறந்த மண்ணில் அரசாங்க அதிபருக்கும் கல்விப் பணிப்பாளருக்கும் மனு எழுதிப் பழகிய கை, இங்கேயும் அதே முறையில்தான் எழுதுகிறது. குடும்பத்தின் கஷ்டம், தாயாரின் வயது, நாம் பட்ட துன்பம், அதிகாரியின் பெருந்தன்மையில் நமக்குள்ள நம்பிக்கை என்று இரண்டு பக்கம் ஓடும். எந்தத் திகதியில் என்ன நடந்தது என்பது மட்டும் இடையில் எங்கோ ஒளிந்திருக்கும். ஒம்புட்ஸ்மனின் விசாரணையாளர் மூன்று கேள்விகளோடு அக்கடிதத்தைத் திறக்கிறார். இந்த இடத்தில் கவுன்சில் என்ன செய்திருக்கவேண்டும்? உண்மையில் என்ன செய்தது? அந்த வேறுபாட்டால் இந்த நபருக்கு என்ன பாதிப்பு நேர்ந்தது? இரண்டாவது கேள்வி வரை தவறு நிரூபிக்கப்பட்டு, மூன்றாவதற்குப் பதில் இல்லையென்றால் தீர்வாகக் கிடைப்பது சொற்பமே. “தவறு இருந்தது, ஆனால் அதனால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை” என்று முடிந்த தீர்மானங்கள் ஏராளம்.

ஆகவேதான் மேலே சொன்ன அந்த ஒற்றை வாக்கியம் எங்களுக்குக் கைகொடுத்தது. கட்டணத்தைப் பற்றி எவரும் சொல்லவில்லை என்பது தவறு. சொல்லியிருந்தால் இரண்டு வருகைகளை நிறுத்தியிருப்போம் என்பது அந்தத் தவறால் வந்த பாதிப்பு. அதை வெறுமனே சொல்லாமல், அந்தக் காலத்தில் என் மனைவி பகுதிநேர வேலையில் இருந்தார், மதிய வேளையில் வீட்டில் இருந்தார் என்பதற்கு அவரது வேலை அட்டவணையையும் இணைத்தோம்.

கவுன்சிலின் முறைப்பாட்டுக் கட்டம் பொறுமையைச் சோதிக்கும் கட்டம். ஒம்புட்ஸ்மன் விசாரிப்பதற்கு முன்னர் கவுன்சிலுக்குப் பதில் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுத்திருக்கவேண்டும் என்பது சட்டம். குப்பை சேகரிப்பு, கவுன்சில் வரி, ஊனமுற்றோருக்கான நீல அட்டை முதலியவற்றுக்குப் பொதுவாக இரண்டு படிகள் இருக்கும். முதற்படியில் கிடைத்த பதில் திருப்தி தராவிட்டால் இரண்டாம் படிக்குக் கொண்டுசெல்லும்படி நாமே எழுதிக் கேட்கவேண்டும். கேட்காமல் விட்டால் கோப்பு முடிந்துவிடும். முதியோர் பராமரிப்புக்கு 2009ஆம் ஆண்டின் தனி ஒழுங்குவிதிகள் பொருந்தும்: மூன்று வேலை நாட்களுக்குள் முறைப்பாடு கிடைத்ததை உறுதிப்படுத்தவேண்டும், பதிலுக்கு ஆறு மாதம் வரை அவகாசம் உண்டு. ஒரு கவுன்சில் பதிலே தராமல் இழுத்தடித்தால், இறுதிப் பதிலுக்காகக் காலவரையின்றிக் காத்திருக்கவேண்டியதில்லை. எழுதிய கடிதங்களையும் நினைவூட்டல்களையும் காட்டி ஒம்புட்ஸ்மனிடம் நேரடியாகக் கேட்கலாம்.

தொலைபேசியில் பேசுவதை நான் தவிர்க்கவில்லை. சில வேளை தொலைபேசியில்தான் உண்மை வெளிவரும். ஆனால் ஒவ்வொரு பேச்சுக்குப் பிறகும், “இன்று இத்தனை மணிக்கு உங்களோடு பேசினேன், குறுகிய வருகைகளைப் பற்றி ஒப்பந்தப் பிரிவுக்கு அறிவிப்பதாகச் சொன்னீர்கள், நான் விளங்கிக்கொண்டதில் பிழை இருந்தால் திருத்துங்கள்” என்று அன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுவேன். பெரும்பாலும் பதில் வராது. மறுப்பு வராத அந்த மின்னஞ்சல்கள், கவுன்சிலுக்குக் குறுகிய வருகைகளைப் பற்றி எப்போது தெரியவந்தது என்பதை விசாரணையின்போது திகதியோடு காட்டின. கவுன்சிலின் சொந்தக் கோப்பில் அந்தப் பேச்சுகளில் பாதிக்குக் குறிப்பே இருக்கவில்லை.

காலக்கெடுவைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. பிரச்சினை நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் ஒம்புட்ஸ்மனிடம் போகவேண்டும். கவுன்சிலின் இறுதிக் கடிதம் வந்த நாளிலிருந்து 12 மாதம் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள், அப்படியன்று. கவுன்சில் பதில் சொல்ல எடுத்த மாதங்களும் அந்தக் கணக்குக்குள்தான் ஓடுகின்றன. தக்க காரணம் இருந்தால் காலம் கடந்த முறைப்பாட்டையும் ஏற்கும் அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கு உண்டு, கவுன்சிலின் தாமதமே காரணமாக இருந்தால் அதைச் சுட்டிக்காட்டலாம். ஆயினும் அதை நம்பி இருப்பது புத்திசாலித்தனமாகாது.

எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோகவும் முடியாது. தீர்ப்பாயத்திலோ நீதிமன்றத்திலோ மேன்முறையீடு செய்யும் உரிமை இருக்கும் இடத்தில் ஒம்புட்ஸ்மன் பொதுவாகக் கைவைக்கமாட்டார். வாகனத் தரிப்பு அபராதத்துக்குத் தனித் தீர்ப்பாயம் உண்டு. கவுன்சில் வரிப் பொறுப்பு, வரித்தரம் ஆகியவற்றுக்கு மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் உண்டு. வீடற்றோர் விண்ணப்பத்தில் கிடைத்த முடிவை 21 நாட்களுக்குள் மீளாய்வு செய்யும்படி கேட்டு, அதன்பின் கவுன்ரி நீதிமன்றத்துக்குப் போகலாம். விசேட கல்வித் தேவையுள்ள பிள்ளைக்கான கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டத்தில் எந்தப் பாடசாலையின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் தீர்ப்பாயத்துக்குரியதே. ஆனால் அதே திட்டத்தை 20 வாரத்துக்குள் இறுதிசெய்யாமல் இழுத்தது, திட்டத்தில் எழுதிய உதவியைக் கொடுக்காமல் விட்டது ஆகியவை ஒம்புட்ஸ்மனுக்குரியவை. பிள்ளை கல்வியை இழந்திருந்தால் ஒரு தவணைக்கு 900 முதல் 2,400 பவுண் வரை பரிந்துரைப்பது அவர்களின் வழிகாட்டலில் இருக்கிறது. நம் சமூகத்தில் பேசத் தயங்கும் ஒரு விடயம் இந்தப் பிள்ளைகளின் கல்வி; இந்தத் தொகையும் இந்த வழியும் தெரியாத பெற்றோர் இன்னும் பலர் இருக்கிறார்கள்.

தயக்கத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. முறைப்பாடு செய்தால் பராமரிப்பை நிறுத்திவிடுவார்கள், விசாவில் கைவைப்பார்கள், குடியுரிமை விண்ணப்பத்தில் பெயர் கெடும் என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. எங்கள் உறவினர் ஒருவர், “கவுன்சிலோடு கொழுவினால் நாளைக்கு வேறொன்றுக்கு அவர்களிடம்தானே போகவேண்டும்” என்று என்னை இரண்டு மணிநேரம் வைத்து அறிவுறுத்தினார். ஒம்புட்ஸ்மன் விசாரணை பகிரங்கமாக நடப்பதில்லை. தீர்மானங்கள் வெளியிடப்படும்போது கவுன்சிலின் பெயர் இருக்கும், முறைப்பாட்டாளரின் பெயர் இராது. தேவையென்று மதிப்பிடப்பட்ட பராமரிப்பை முறைப்பாட்டுக்காக ஒரு கவுன்சில் நிறுத்தினால் அதுவே அடுத்த முறைப்பாட்டுக்கு விடயமாகிவிடும். எங்கள் வீட்டில் விசாரணை நடந்துகொண்டிருந்த காலத்தில் வருகைகளின் நேரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

விண்ணப்பம் எளியது, இணையப் படிவத்தில் நிரப்பலாம், தொலைபேசியிலும் சொல்லலாம். வேறொருவருக்காகப் பேசுவதானால் அவரது எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். அவரால் தீர்மானிக்க இயலாத நிலை என்றால் நமக்கு என்ன தகுதி இருக்கிறது என்பதைக் காட்டவேண்டும். ஆங்கிலத்தில் பேசச் சிரமம் உள்ளவர் மொழிபெயர்ப்பாளர் தேவை என்பதை முதற்கடிதத்திலேயே எழுதிவிடவேண்டும். நான் அனுப்பியது ஒரு பக்கத்தில் அடங்கிய திகதிவாரியான நிகழ்வுப் பட்டியல், அதற்குக் கீழே எண்ணிட்ட ஆவணங்கள், கடைசியில் எனக்கு வேண்டியது என்ன என்ற நான்கு வரிகள். கவுன்சிலோடு பரிமாறிய மின்னஞ்சல்கள் அனைத்தையும் வாரிக்கொட்டவில்லை. வந்துசேரும் எல்லா முறைப்பாடுகளும் விசாரிக்கப்படுவதில்லை. பாதிப்பு எவ்வளவு பாரதூரமானது, விசாரித்தால் ஏதேனும் மாறுமா என்று முதலில் பார்த்துப் பலவற்றை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஒரு வாரம் குப்பைத்தொட்டியை எடுக்கவில்லை என்பது அங்கே நிற்காது. நடக்க முடியாதவருக்கு வாசலில் வந்து எடுப்பதாக ஏற்றுக்கொண்டு, முறையிட முறையிட மாதக்கணக்கில் எடுக்காமல் விட்டது நிற்கும்.

கோப்பு விசாரணைக்கு எடுக்கப்பட்டதும் விசாரணையாளர் என்னோடு பேசி, முறைப்பாட்டின் சாரத்தைத் தனது சொற்களில் எழுதி அனுப்பினார். அந்தச் சாரம்தான் விசாரணையின் எல்லை என்பதால் அதை வரிக்கு வரி வாசிக்கவேண்டும். பின்னர் அவர் கவுன்சிலுக்குக் கேள்விகளை அனுப்புகிறார். ஆவணங்களைத் தரும்படியும் சாட்சிகளை அழைக்கவும் உயர் நீதிமன்றத்துக்கு உள்ளதுபோன்ற அதிகாரம் சட்டத்தில் அவருக்கு இருக்கிறது. எங்கள் விடயத்தில் அவர் கேட்டவை நான் நினைத்திராத கேள்விகள்: நிறுவனம் அனுப்பும் கணக்கை யார் சரிபார்க்கிறார்? திட்டமிட்ட நேரத்துக்கும் உண்மையில் நின்ற நேரத்துக்கும் இடையில் எவ்வளவு வேறுபட்டால் கட்டணம் குறைக்கப்படும்? கட்டணம் உண்டு என்பதை எந்த நாளில், எந்த ஆவணத்தால் குடும்பத்துக்கு அறிவித்தீர்கள்? 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கவுன்சில் தனக்கு நேர்ந்த செலவை மட்டுமே அறவிடலாம் என்கிறது. திட்டமிட்ட அரை மணிக்கே நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தோம், ஆகவே அதுவே எங்கள் செலவு என்று கவுன்சில் பதில் சொன்னது. வாதத்தில் சாமர்த்தியம் இருந்தது. ஆனால் குறுகிய வருகைகளைப் பற்றி அறிவித்தபின்னும் எவரும் சரிபார்க்கவில்லை என்பதை என் மின்னஞ்சல்களும் கைபேசிப் பதிவுகளும் காட்டின.

தீர்மானத்தின் வரைவு இரு தரப்புக்கும் கருத்துக் கேட்டு அனுப்பப்படும். இந்தக் கட்டத்தைப் பலர் சம்பிரதாயம் என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள், அல்லது கோபத்தைக் கொட்டித் தீர்க்கிறார்கள். எங்கள் வரைவில், கட்டணத்தைப் பற்றிய துண்டுப்பிரசுரத்தை மருத்துவமனையிலேயே கொடுத்துவிட்டோம் என்ற கவுன்சிலின் கூற்று ஏற்கப்பட்டிருந்தது. நான் கேட்டுப் பெற்ற பதிவுகளில் அந்த மதிப்பீட்டுப் படிவம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் “கட்டணத் தகவல் வழங்கப்பட்டது” என்பதற்கு எதிரே உள்ள கட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே சமூகப் பணியாளர் கையொப்பமிட்ட திகதி அம்மா வீடு திரும்பியதற்குப் பிந்தியது. அந்தப் பக்கத்தின் பிரதியை இணைத்து, இரண்டு வாக்கியம் மட்டும் எழுதி அனுப்பினேன். இறுதித் தீர்மானத்தில் அந்தப் பத்தி மாறியிருந்தது. வரைவுக்குப் பதில் எழுதும்போது எந்தப் பத்தி, அதற்கு மாறான ஆவணம் எது என்று சுட்டினால் போதும். முடிவு அநியாயம் என்று மட்டும் எழுதினால் அதை வைத்து விசாரணையாளர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

நிராகரிக்கப்பட்டது, காலை வருகை அரை மணிக்குப் பதிலாக முக்கால் மணியாக இருக்கவேண்டும் என்ற என் கோரிக்கை. சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்திருந்தார், அம்மாவிடமும் என்னிடமும் கேட்டிருந்தார், அரை மணி போதும் என்பதற்கான காரணத்தையும் எழுதியிருந்தார். அந்தக் காரணத்தோடு எனக்கு இன்றும் உடன்பாடு இல்லை. ஆனால் உரிய முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை, முறைப்பாட்டாளருக்கு உடன்பாடில்லை என்பதற்காக ஒம்புட்ஸ்மன் மாற்றமுடியாது. கவுன்சில் அந்த முடிவை எப்படி எடுத்தது என்பதே அங்கே பார்க்கப்படுகிறது. அதே கோரிக்கையை, “மருத்துவ அறிக்கையைப் பார்க்காமலே மதிப்பிட்டார்கள்” என்று காட்ட முடிந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும். என் விடயத்தில் அவர்கள் பார்த்திருந்தார்கள்.

தீர்வாகக் கவுன்சில் மன்னிப்புக் கடிதம் எழுதவேண்டும், உண்மையில் நின்ற நேரத்தை வைத்துக் கணக்கைத் திருத்தவேண்டும், கட்டணம் அறிவிக்கப்படாத காலத்தில் நாங்கள் நிறுத்தியிருக்கக்கூடிய இரண்டு வருகைகளின் தொகையை நீக்கவேண்டும், அலைச்சலுக்கும் மன உளைச்சலுக்கும் ஒரு சிறு தொகை தரவேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டது. இந்தக் கடைசித் தொகையை நினைத்து எவரும் முறைப்பாடு செய்யவேண்டாம். மன உளைச்சலுக்கு அவர்கள் பரிந்துரைப்பது பெரும்பாலும் 500 பவுணுக்கு உட்பட்ட அடையாளத் தொகையே. நீதிமன்றம் தரும் நட்டஈட்டோடு அதை ஒப்பிடக் கூடாது. எனக்கு அதிக மனநிறைவு தந்தது வேறொரு பரிந்துரை. விசாரணையின்போது தெரியவரும் தவறு மற்றவர்களையும் பாதித்திருக்கலாம் என்று தோன்றினால் அதையும் பார்க்கும் அதிகாரம் ஒம்புட்ஸ்மனுக்கு 2007இன் சட்டத் திருத்தத்தால் கிடைத்தது. அதன்படி, அதே நிறுவனம் பராமரித்த ஏனையோரின் பில்களையும் கைபேசிப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி கவுன்சிலிடம் கேட்கப்பட்டது. அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டியபோது, அந்தப் பிள்ளைக்கு ஒன்றும் இல்லைத்தானே என்பதையே முதலில் கேட்டார்.

இந்தப் பரிந்துரைகள் சட்டப்படி கவுன்சிலைக் கட்டுப்படுத்துவன அல்ல. இருந்தும் அநேகமாக எல்லாக் கவுன்சில்களும் அவற்றை ஏற்றுக்கொள்கின்றன. ஏற்காவிட்டாலோ, விடயம் பொதுநலன் சார்ந்ததாக இருந்தாலோ, ஒம்புட்ஸ்மன் பகிரங்க அறிக்கை வெளியிடலாம். அப்போது கவுன்சில் தன் செலவில் பத்திரிகை அறிவித்தல் போட்டு, அறிக்கையைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, மூன்று மாதத்துக்குள் என்ன செய்யப்போகிறது என்று பதில் சொல்லவேண்டும். எந்தக் கவுன்சில் தலைமையும் அதை விரும்புவதில்லை. சாதாரணத் தீர்மானங்களும் ஒம்புட்ஸ்மனின் இணையத்தளத்தில் கவுன்சில் வாரியாகத் தேடக்கூடியவாறு கிடைக்கின்றன. முறைப்பாடு எழுதுவதற்கு முன்னர் நமது கவுன்சிலின் பெயரையும் நமது பிரச்சினையையும் போட்டுத் தேடி, ஐந்தாறு தீர்மானங்களை வாசித்தால், எந்த விதியை மேற்கோள் காட்டவேண்டும், எந்த வகையான ஆதாரம் எடுபட்டது என்பது விளங்கிவிடும். நான் பராமரிப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவை அறிந்துகொண்டது அப்படித்தான்.

தீர்மானத்தில் உண்மைப் பிழை இருப்பதாகவோ புதிய ஆதாரம் இருப்பதாகவோ கருதினால், ஒரு மாதத்துக்குள் மீளாய்வு கேட்கலாம். அதற்கப்பால் உயர் நீதிமன்றத்தில் நீதிமுறை மீளாய்வு, அதாவது தீர்மானம் சட்டப்படி எடுக்கப்பட்டதா என்று நீதிமன்றம் பார்ப்பது, மட்டுமே உண்டு. அதற்குத் தாமதமின்றி, அதிகபட்சம் மூன்று மாதத்துக்குள் போகவேண்டும், செலவும் பெரிது. தீர்மானம் நமக்குச் சாதகமாக வந்தபின்னும் கவனமாக இருக்கவேண்டும். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஒரு காலக்கெடு எழுதப்பட்டிருக்கும். அதை நிறைவேற்றியதற்கான சான்றைக் கவுன்சில் ஒம்புட்ஸ்மனுக்கு அனுப்பவேண்டும். எங்கள் விடயத்தில் மன்னிப்புக் கடிதம் உரிய நாளில் வந்தது, திருத்திய கணக்கு வரவில்லை. கவுன்சிலிடம் கேட்டு இன்னுமொரு கடிதப் போக்குவரத்தைத் தொடங்காமல், காலக்கெடு கடந்த மறுநாளே விசாரணையாளருக்கு இரண்டு வரி எழுதினேன். அந்த வாரத்துக்குள் கணக்கு வந்தது. ஒவ்வொரு வருகைக்கும் எதிரே, திட்டமிட்ட நேரம், நின்ற நேரம் என்று இரண்டு நிரல்கள் அதில் இருந்தன.